வரவு வைத்தல்

மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை,
ஏழு மணி என்றால் ஏழரை.
தலவாக்கலைப் பாலத்துக்கு இந்தப் பக்கம்
விடுதியின் மேல்மாடியில்
நளீம் ஹாஜியார் கழகக் கொடியை
மேசைவிரிப்பு மாதிரி உதறி மாட்டுவார்.
டொக்டர் எக்கநாயக்க பைலா பாடும்போது
எப்போதும் ஒரே இடத்தில் சுருதி நழுவும்.
மழை தன் பங்குக்குத் தகரத்தில்.

சின்னம் குத்தாமல் வந்தவர்களுக்கு
அபராதம் ஐம்பது ரூபாய்.
உண்டியலைக் குலுக்கிக்கொண்டு
மேசை மேசையாய் வருவது ஷிரோமி.
எண்ணுவது நான்.
பகலில் வங்கியிலும் அதுதான் வேலை.

ஒக்டோபர் கூட்டத்தில்
கொடிகார துரை எழுந்து
கண் முகாமுக்குத் தோட்டத்தின் அன்பளிப்பு என்று
ஓர் உறையை நீட்டினார்.
முப்பத்தோராயிரத்து ஐந்நூறு.
பொரித்த கோழி ஆறும்வரை கை தட்டினோம்.
நானும்தான்.
அந்த ஐந்நூறு ஏன் உதிரியாய் நிற்கிறது என்று
எண்ணுகிறவள் கேட்டிருக்க வேண்டும்.

அவரைக் கெட்டவர் என்று எழுதிவிட முடியாது.
போன வருஷம் பத்தாம் நம்பர் லயத்தின்மேல்
மண் இறங்கிய ராத்திரி
முழங்கால் சேற்றில் நின்று
முதல் தகரத்தைத் தூக்கியவர் அவர்.
பங்களாக் கம்பளிகள் எல்லாம் வந்தன,
விருந்தாளிகளுக்கென்று
பொதி பிரிக்காமல் வைத்திருந்தவையும்.

முகாம், பிள்ளை மடுவத்தில்.
தொட்டில் சேலைகளை முடிந்து உயர்த்திவிட்டு
அந்த இடத்தில் எழுத்துப் பலகை.
கொழுந்துக் கறை ஏறிய விரல்கள்
ஒன்றரை, இரண்டு, இரண்டரை என்று
கண்ணாடிகளை மாற்றி மாற்றி.
எழுத்துத் தெரியாதவர்களுக்கு
ஊசியும் நூலும் கொடுத்தோம்.
ஒருத்தி தன் உள்ளங்கையைப் பார்த்து
"அடியாத்தி, இம்புட்டு வெடிப்பா" என்று
விழுந்து விழுந்து சிரித்தாள்.

செவனம்மா வாசிக்கத் தெரிந்தவள்.
பலகையை ஏறிட்டும் பார்க்கவில்லை.
இடுப்பு முடிச்சை அவிழ்த்து
நாலாய் மடித்த சம்பளச் சிட்டையை எடுத்தாள்.
சத்தமாய், ஒவ்வொரு வரியாய்:
சேமலாபம். சங்கச் சந்தா.
தீபாவளி முற்பணம். கோயில்.
"கண்ணாடி, அம்பது."

இன்னொரு தரம் வாசித்தாள்.

"சும்மா குடுக்கிறதுன்னுதானே மிஸ்ஸி
மைக்குல சொன்னீங்க?"

பின்னால் வரிசையில் நின்றவர்கள்
தங்கள் முடிச்சுகளைத் தொட்டுப் பார்த்தார்கள்.
செக்ரோலில் அறுநூற்று முப்பது பேர்.
ஐம்பதால் பெருக்க
வங்கிக்காரி தேவையில்லை.

கண்ணாடியை அவள் கழற்றவில்லை.
"நல்லாத்தான் தெரியுது" என்றாள்.
"நம்ம காசுதானே, கொண்டு போறேன்."
எனக்கு நன்றி சொல்லாமல் போன
முதல் ஆள்.

டிசம்பரில் நத்தார் ஒன்றுகூடல்.
பருத்தித் துணுக்கு ஒட்டிய சைப்ரஸ் கிளை,
பிள்ளைகளுக்குப் பலூன்,
அதிர்ஷ்டச் சீட்டில் ஒரு பிரஷர் குக்கர்.
நான் சின்னம் குத்தாமல் போனேன்.

"மிஸ்கூடவா!" என்று ஷிரோமி உண்டியலை நீட்ட
தாளை அதில் போடாமல் மேசையில் வைத்தேன்.
"இது செவனம்மாவுக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டியது.
இன்னும் அறுநூற்று இருபத்தொன்பது இருக்கிறது."

யார் செவனம்மா என்றார் ஹாஜியார்.
சொன்னேன்.
குரல் நடுங்கியது, அதை மறைக்கத் தெரியவில்லை.
பைலா எந்த அடியில் நின்றதோ
அங்கிருந்து மழை தொடர்ந்தது.

துரை கிளாஸைக் கீழே வைத்தார்.
அது கந்தோர் செய்த வேலை,
தான் கையெழுத்து மட்டுமே வைத்ததாக.
இருக்கலாம்.
அவருக்கும் கிட்டத்தில் எழுத்து மங்குகிற வயது.
முகாமில் மிச்சம் இரண்டரை நம்பர்
என் பையிலேயே இருந்தது,
எடுத்து நீட்டவில்லை.
ஹாஜியார்தான் பேர்ஸைத் திறந்தார்,
பிறகு டொக்டர்,
பிறகு யாரும் யாரையும் பார்க்காமல்.
குக்கர் யாருக்கு விழுந்தது என்று
இன்றுவரை தெரியாது.

வீட்டுக்கு வந்து
"தோட்டத்தின் அன்பளிப்பு" என்ற வரியை
ஒற்றைக் கோட்டால் வெட்டினேன்.
வெட்டியது வாசிக்கக்கூடியதாய் இருக்கவேண்டும்,
அதுதான் முறை.
மேலே எழுதினேன்:
அறுநூற்று முப்பது தொழிலாளர், தலா ஐம்பது.
ஓரத்தில் சுருக்கொப்பம்.

பத்தாம் திகதி சம்பளத்தில்
காசு திரும்பும் என்று துரை சொல்லியனுப்பினார்.
திரும்பியதா என்று நான் விசாரிக்கத் தேவையில்லை.
செவனம்மா வாசிப்பாள்.